பாதாம் வாசனை வந்த கடை

ஆராய்ச்சி மாணவியாக இருந்த வருஷங்களில் என் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு துளி டொலுயீனை ஆவியாக்கி விடுவேன். பெயின்ட் கடைகளில் மூக்கில் ஏறும் வாசனை இருக்கிறதே, அதில் பெரும்பங்கு அதுதான். குடுவைக்குள் வெள்ளைப் பூச்சுப் பூசிய ஒரு கண்ணாடித் தகடு நிற்கும். தகட்டின் மேல் புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டு, அவ்வப்போது ஊசியால் கொஞ்சம் காற்றை உறிஞ்சிக் கருவியில் செலுத்தி, டொலுயீன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். நடுவில் செய்ய ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பார்கள், கேன்டீனுக்குப் போய் வருவார்கள். எனக்கு அது வராது. விளக்கைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஜன்னலுக்குப் போவேன், திரும்புவேன், நகத்தைக் கடிப்பேன். பக்கத்து மேஜைக்காரி ஒருநாள் மலையாளத்தில் கேட்டாள், நீ இப்படி நடந்தால் டொலுயீன் பயந்து சீக்கிரம் ஓடிவிடுமா என்று.

அந்த வெள்ளைப் பூச்சு டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவர் பெயின்ட்டிலும் பற்பசையிலும் இருக்கிற அதே வெள்ளை. இருட்டில் அது சும்மா கிடக்கும். சரியான வெளிச்சம் பட்டால் அதன் மேல்பரப்பு விழித்துக்கொள்ளும். வந்து ஒட்டுகிற கரிமப் பொருள்களைப் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் வெறும் கரியமில வாயுவும் தண்ணீருமாக ஆக்கிவிடும். பொடி தான் மட்டும் தீராமல் அப்படியே நிற்கும். எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கறுப்பு மணலில் அதன் தாது கொட்டிக் கிடக்கிறது. ஊர் மணலைக் கொண்டே ஊர்க் காற்றைச் சுத்தம் செய்யலாம் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிவேன். கேட்பதற்கு ஆள் இருந்ததோ இல்லையோ, சொல்வேன்.

வீடு மலையாள நாட்டில், கரமனையில், தமிழ் அக்ரஹாரத்தில். அம்மா, அண்ணா, மன்னி, நான். அண்ணா பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், மாடியில், ஸ்க்ரீன் பிரின்டிங் கடை வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், கடைகளுக்குப் பிளாஸ்டிக் போர்டு. துணி கட்டிய சட்டத்தின் மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால் அடியில் எழுத்து விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் சட்டத்தை, மையைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்; தின்னரில் பெரும்பங்கு டொலுயீன். அச்சடித்த தாள்களைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காயவைப்பார்கள். காய்வது என்றால் மையில் உள்ள தின்னர் அத்தனையும் அந்த அறைக் காற்றில் கலப்பது என்று அர்த்தம். சாயங்காலம் அண்ணா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டை வாசனை சமையலறை வரை வந்துவிடும். ராத்திரி தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுப்பான். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்தான்.

மன்னியும் கடைக்குப் போவாள். கணக்கு வழக்கில்லாமல் பேசுகிறவள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் மலையாளம் ஒரு அட்சரம் தெரியாது; நான் பார்க்கும்போது கடைக்கு வருகிறவர்களிடம் மலையாளத்தில் சண்டை போட்டு, சிரித்து, எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்து அனுப்புவாள். அவள் உட்காரும் முன்னறை என்பது பெயருக்குத்தான், அச்சடிக்கும் பின்னறைக்கும் அதற்கும் நடுவில் கதவு கிடையாது. அவள் நாற்காலிக்குப் பின்னால் காய்கிற தட்டுகள்.

கல்யாணமாகி வெகு வருஷம் கழித்து அந்த வருஷம் மன்னி உண்டாகியிருந்தாள். விஷயம் தெரிந்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சந்தோஷத்தில் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நூலகத்தில் நான் அந்தத் தின்னர் ஆவிகளைப் பற்றி என்னென்ன படிக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. கர்ப்பிணிகள் இந்தக் காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதியிருந்தது. எந்த அளவுக்கு மேல் என்பதில்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

"மன்னி, நீங்க கொஞ்ச நாளைக்குக் கடைக்குப் போகாம இருக்கப்படாதா?"

"ஆத்துல உக்காந்துண்டு என்ன பண்றது? பகல் முழுக்க இந்தச் சுவத்தைப் பார்த்துண்டா? எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும், கேட்டியா."

"அந்த வாசனை நல்லதில்லை மன்னி."

"வாசனைக்கு ஒரு மிஷின் கண்டுபிடிக்கறேன்னு நீதானே சொல்லிண்டே இருக்கே. கொண்டு வா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதும். மறுநாள் காலை பஸ்ஸில் நின்றபடியே மனசுக்குள் ஒரு பெட்டி வரைந்துவிட்டேன்.

என் ஆராய்ச்சி வழிகாட்டியை நாங்கள் ஸார் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர், அவசரக்காரர். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். குடுவைக்குள் எல்லாரும்தான் செய்கிறார்கள், நிஜக் கடையில் வைத்துப் பார்த்தவர் யார் என்று கேட்டார். அவருக்கு ஒரு கருத்தரங்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்துப் பணிமனையில் தகரத்தில் அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி செய்தோம். உள்ளே விளக்குகள், இரண்டு பக்கமும் வெள்ளை பூசிய கண்ணாடித் தகடுகள், அடியில் காற்றை இழுக்கும் விசிறி, மேலே காற்று வெளியே வர ஒரு வாய். தகடுகளை நானே பூசினேன். ஒவ்வொன்றாக அடுப்பில் சுட்டு எடுத்து, எங்கே போட்டு உடைத்துவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.

பெட்டி கடைக்குப் போனபோது வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கியிருந்தது. சிங்க மாசம் என்கிற ஆவணிக் கல்யாணங்களுக்கான பத்திரிகைகள் குவிந்துகொண்டிருந்தன. சாரல் அடித்தால் தாள் கெட்டுவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தலை சுற்றியது. மன்னி அந்தக் காற்றில் உட்கார்ந்து யாருக்கோ பத்திரிகை மாதிரி காட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் இடுக்குகளில் நீல வெளிச்சம் கசிந்தது. அண்ணா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது என்ன, கோவில் உண்டியல் மாதிரி இருக்கு?"

"ரெண்டு நாள் பொறு அண்ணா."

இரண்டு நாள் நான்தான் பொறுக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து பிற்பகலே கிளம்பி, பஸ் மாறி, பழவங்காடியில் இறங்கி, பிள்ளையார் கோவிலில் உடைத்த தேங்காய்ச் சிதறல்களை மிதித்துக்கொண்டு சந்துக்குள் ஓடுவேன். படியேறும்போதே மூக்கால் உறிஞ்சிப் பார்ப்பேன். உண்மையாகவே வாசனை குறைந்திருந்தது. அண்ணாவே ஒப்புக்கொண்டான். பத்திரிகை அடிக்க வந்த ஒரு மாமி, முன்னெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவேன், இப்போது தேவலை என்றாள். ஸாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அன்றைக்கே கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். கடையில் வைத்துச் சோதித்தோம், நல்ல பலன் என்று.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒன்று உள்ளே பிறாண்டிக்கொண்டே இருந்தது. குடுவைக்குள் ஒரு துளிக்கே மணிக்கணக்காகும் வேலை, இத்தனை பெரிய அறையில் இவ்வளவு சுலபமாக எப்படி முடிகிறது? சாப்பிடும்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசிப்பேன். அம்மா, சோறு ஆறிப்போச்சு என்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன். மன்னி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னி, அழறேளா?"

"அழலை. நாலஞ்சு நாளா கண்ணு கரிச்சுண்டே இருக்கு. மாசம் ஏற ஏற இப்படியெல்லாம் வருமோ என்னமோ. அது கிடக்கட்டும், உன் பெட்டிக்கு ஒரு சபாஷ் போடணும். கடையில இப்ப என்ன வாசனை வர்றது தெரியுமா? மூக்கை இங்க கொண்டு வா."

பெட்டியின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன்.

"பாதாம் பால்!" என்றாள் மன்னி. "நிஜமா இல்லியா? வர்றவா எல்லாம் உள்ளே ஏதோ பாயசம் வைக்கறேளான்னு கேக்கறா."

வாசனை நிஜம்தான். மெல்லிய, இனிப்பான பாதாம் எசன்ஸ் வாசனை.  டொலுயீனை முழுக்கப் பிய்க்காமல் பாதியில் நிறுத்தினால் வருவது பென்சால்டிஹைடு. பாதாம் எசன்ஸுக்கு அந்த வாசனையைக் கொடுப்பதே அதுதான். அப்படியானால் பெட்டி வேலையை முடிக்கவில்லை. பாதி வழியில் விட்டுவிட்டு, அந்தப் பாதியை மன்னியின் முகத்துக்கு நேராக ஊதிக்கொண்டிருக்கிறது. கண் எரிச்சலுக்குப் பாதாம் வாசனை மட்டும் காரணமாக இருக்காது. அதற்கு வேறொன்று வேண்டும். தின்னரில் டொலுயீன் மட்டுமா இருக்கிறது? ஆல்கஹால், கீட்டோன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அவை பாதி வழியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு வரலாம். பிரேதங்களைக் கெடாமல் வைப்பார்களே, அந்தத் திரவத்தின் ஆவி.

சுவிட்சை அணைத்தேன்.

"என்னடி பண்றே?" அண்ணா பின்னறையிலிருந்து வந்தான். கையெல்லாம் சிவப்பு மை. "நல்லா ஓடிண்டு இருக்கறதை எதுக்கு அணைக்கறே?"

"இது காத்தைக் கெடுக்கறது அண்ணா. அப்படித்தான் தோணறது."

"தோணறதா? ஒருத்தர் கூட இப்ப மூக்கைப் பிடிக்கலை. என் தலைவலி பாதி குறைஞ்சிருக்கு. உனக்கு எதையும் நிம்மதியா விடத் தெரியாதா?"

"மன்னி கண்ணைப் பாரு."

பார்த்தான். அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. மன்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பெட்டியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். குழந்தை பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"செரி, போரும்," என்றாள். "பிளக்கையே பிடுங்கு."

ஆனால் தோன்றுகிறது என்பதை வைத்துக்கொண்டு ஸாரிடம் போக முடியாது. அளந்து பார்க்க வேண்டும். திங்கள்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சின்னப் பம்பும் தண்ணீர்க் குப்பிகளும் கொண்டு வந்தேன். மன்னியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். அண்ணா வழக்கம்போல அச்சடித்தான். பெட்டி ஓடாமல் கொஞ்ச நேரம், ஓடவிட்டுக் கொஞ்ச நேரம், அறைக் காற்றைத் தண்ணீருக்குள் குமிழ்குமிழாக விட்டுச் சேகரித்தேன்.  நடுவில் ஒரு தடவை அண்ணா, வெளியே போய் நில்லு, நீ எதுக்கு இதை முகர்ந்துண்டு நிக்கறே என்றான். நான் படிக்கட்டில் போய் நின்றேன். ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பேன், திரும்ப உள்ளே வந்துவிட்டேன்.

குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். நல்ல மழை. தம்பானூரில் தண்ணீர் தேங்கி பஸ் நகரவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் குப்பியைக் காட்டி, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று மலையாளத்தில் கேட்டார். ஏதோ தலையாட்டினேன். இறங்கி நடந்தே போய்விடலாமா என்று எழுந்து, மழையைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தேன்.

சோதனை எளியது. குப்பித் தண்ணீரில் ஒரு திரவம் சேர்த்து இளஞ்சூட்டில் வைத்தால், ஃபார்மால்டிஹைடு இருந்தால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். பெட்டி ஓடாதபோது எடுத்த குப்பியில் நிறம் இருப்பதாகச் சொல்வதே கஷ்டம். ஓடும்போது எடுத்தது, கண்ணால் பார்த்தாலே போதும், எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மஞ்சள். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு தடவைதான் ஆய்வுக்கூடத்தில் நான் நடக்காமல் நின்றது.

ஸார் குப்பிகளைப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. கருத்தரங்குக்கு அனுப்பியது அனுப்பியதுதானே என்றார். வாசனை குறைந்தது உண்மைதானே, டொலுயீன் குறைந்தது உண்மைதானே, இதை அடுத்த கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"எங்க மன்னி பிள்ளைத்தாய்ச்சி, ஸார்," என்று மலையாளத்தில் சொன்னேன். "அதைப் படிச்சுட்டு வேற யாராவது வேற ஒரு மன்னி பக்கத்துல கொண்டு போய் இதை வைப்பா."

 அந்த வாரம் முழுக்க ஸார் என்னைக் கண்டால் வராந்தாவில் திரும்பிப் போனார். நானும் வீம்பாக இருந்தேன். ஆராய்ச்சியையே விட்டுவிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒருநாள் காலையில் அவரே என் மேஜைக்கு வந்து, கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தகடுகளைக் கழற்றிக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்.

தகடுகள் வெள்ளையாக இல்லை. டீ கொட்டிய துணி மாதிரி பழுப்பேறியிருந்தன. பாதியில் நின்ற சரக்கெல்லாம் அவற்றின் மேல் படிந்து, மேற்கொண்டு வேலை செய்ய இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. குடுவைக்குள் ஒரு துளி கொடுத்தபோது ஒழுங்காகச் சாப்பிட்ட பொருளை, கடையில் அண்டா அண்டாவாக ஊட்டித் திணறடித்திருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் காத்திருப்பு வேறு மாதிரி இருந்தது. மன்னியை டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்தப் பெண் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது பார்க்கிற வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது, மற்றபடி யாராலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இனிமேல் அந்த அறையில் உட்காராதே என்றார். யாராலும் சொல்ல முடியாது என்கிற அந்த வார்த்தையை நான் மாசக்கணக்கில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மன்னி இருமினால் ஓடி வருவேன். அவள் சும்மா படுத்திருந்தால், குழந்தை அசையறதா என்று கேட்பேன். ஒருநாள் அவளே எரிந்து விழுந்தாள்.

"நீ கேட்டுண்டே இருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு. போய் ஏதாவது வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தவன் அண்ணாதான். கட்டிட உரிமையாளரிடம் நாலு தடவை நடந்து, கெஞ்சி, பின்சுவரை உடைக்கச் சம்மதம் வாங்கினான். பெரிய எக்ஸாஸ்ட் விசிறி வைத்தான். காய்கிற தட்டுகளையெல்லாம் அதன் அடிக்கு மாற்றி, நடுவில் பலகைத் தடுப்பு அடித்து, ஒரு கதவும் போட்டான். காற்று கூரைக்கு மேலே போகிற மாதிரி தகரக் குழாய் ஏற்றினான். பக்கத்துப் பூக்கடைக்காரர் சண்டைக்கு வந்த பிறகு குழாயை இன்னும் உயர்த்தினான். இத்தனைக்கும் நடுவே ஒரு தடவைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஆமா, இந்த ஓட்டையை முதல்லயே போட்டிருக்கலாம் இல்லியா?"

"போட்டிருக்கலாம்," என்றேன்.

"பின்னே, நமக்கு ரெண்டு பேருக்குமே தோணலை பாரு." சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மழைக்காலத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

மன்னி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. இரண்டு தெரு தள்ளி புதிதாகத் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டைப்செட்டிங் படிக்கப் போய்விட்டாள். பெரிய வயிற்றுடன் அவள் கீபோர்டை எட்டிப் பிடித்து மலையாளம், தமிழ் இரண்டும் அடிப்பதைப் பார்க்கப் பையன்களும் பெண்களும் கூடுவார்களாம். குழந்தை மார்கழியில் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து குழந்தை அப்படி ஒரு கத்தல் கத்தியது. நர்ஸ் வந்து, எல்லாம் சுகம், தொண்டை மட்டும் கொஞ்சம் அதிக சுகம் என்றாள். அதற்குப் பிறகும் விரல்களை எண்ணிப் பார்த்தேன், கண்ணுக்கு நேராக விரலை ஆட்டிப் பார்த்தேன். மன்னி கட்டிலில் இருந்தபடி, உன் பரிசோதனை முடிஞ்சா குழந்தையைக் கொஞ்சம் எங்கிட்டே குடுக்கறியா என்றாள்.

என் ஆராய்ச்சி தலைகீழாக மாறியிருந்தது. எவ்வளவு வேகமாகச் சுத்தம் செய்யும் என்பதை விட்டுவிட்டு, எப்போது பாதியில் நிற்கும், நின்றால் என்ன வெளியே வரும் என்று பார்க்கத் தொடங்கினேன். பழுப்பேறிய தகடுகளைத் தூக்கிப்போடாமல், ஈரப்பதமுள்ள சுத்தமான காற்றில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல வெளுத்தன. வறண்ட காற்றில் அப்படி வெளுக்கவில்லை. ஈரம் அதிகமானால் வேறு தொல்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இன்னும் சில வருஷங்கள் ஆயின.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார், "எல்லாம் சரி. ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். இது காற்றைச் சுத்தம் செய்யுமா, செய்யாதா?"

எனக்கு ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சமாக அழுக்கு, போதுமான வெளிச்சம், நிதானமான காற்று, அப்படியானால் செய்யும் என்றேன். முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு மிச்சத்துக்கு இதை வைக்கலாம், வைத்தால் வெளியே வருவதை அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்றேன். ஸார் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து டாக்டர் பட்டம் உறுதி என்று சொன்னபோது மன்னி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பாயசம் வைக்க உள்ளே போனாள். அண்ணா, இனிமேலாவது ஒரு இடத்துல உட்காரு என்று நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தேன். ஸாரின் அறையில் பார்த்த ஒரு புதுச் செய்தி நினைவுக்கு வந்தது. சாதாரண வெளிச்சத்திலேயே, புற ஊதா விளக்கு இல்லாமலே, இந்தப் பொடியை வேலை செய்ய வைக்க எங்கேயோ முயற்சி செய்கிறார்களாம். வெளிச்சம் மாறினால் பாதியில் நிற்கிற சரக்கும் மாறுமா? நான் எழுந்து, எழுதிப் பார்க்கப் பேப்பர் தேடினேன்.